‘நடந்தால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை எங்கே தவறுகிறது?

உடம்பெல்லாம் அசதி என்று சொல்பவருக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் கிடைக்கும் அறிவுரை ஏறத்தாழ ஒன்றுதான்: காலையில் எழுந்து நட, வியர்க்க வியர்க்க வேலை செய், எல்லாம் சரியாகிவிடும். பெரும்பாலான அசதிக்கு இது நல்ல அறிவுரையே. சர்க்கரை நோயாளிக்கும், மனச்சோர்வு உள்ளவருக்கும், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடைப்பயிற்சி பலன் தருகிறது. ஆனால், ஒரு நோயில் இதே அறிவுரை நடமாடிக்கொண்டிருப்பவரைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். நாள்பட்ட சோர்வு நோய்க்குறி என்று அதற்குப் பெயர். மருத்துவர்கள் எம்இ/சிஎஃப்எஸ் என்று சுருக்கி எழுதுகிறார்கள். இந்த நோயைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த சண்டை அனைத்தும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: உழைத்து முடித்த மறுநாள் அந்த உடம்புக்கு என்ன ஆகிறது? நோயைக் கண்டறிவதும் சமாளிப்பதும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்தான் தொடங்குகின்றன.

2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை, நோயைக் கண்டறியச் சில அடையாளங்களை வகுத்தது. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு, ஓய்வாலும் தீராத களைப்பு 6 மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். எவ்வளவு தூங்கினாலும் தூங்கிய தெளிவு இருக்காது. இவற்றுடன், நினைவும் கவனமும் தடுமாறும் மூளை மந்தமோ, நிமிர்ந்து நின்றால் மோசமாகும் தலைச்சுற்றலும் படபடப்புமோ இருக்க வேண்டும். நோயின் முத்திரை என்று சொல்லத்தக்கது இன்னொன்று: சிறிய உழைப்புக்குப் பிறகுகூட எல்லா அறிகுறிகளும் மோசமடைவது. குளித்தது, அரை மணி நேரம் விருந்தினரோடு பேசியது, ஒரு படிவத்தை நிரப்பியது என எதுவும் அந்த உழைப்பாக இருக்கலாம். விளைவு உடனே தெரிவதில்லை. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தொண்டை வலி, தசை வலி, காய்ச்சல் வருவது போன்ற உணர்வு, யோசிக்கவே முடியாத நிலை எல்லாம் சேர்ந்து வருகின்றன. வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இந்தத் தாமதம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. மருத்துவர் முன் நிமிர்ந்து உட்கார்ந்து பேசும் நோயாளி நலமாகத் தெரிகிறார். மறுநாள் அவர் எழ முடியாமல் கிடப்பதை மருத்துவர் பார்ப்பதில்லை.

பார்க்காமலே முடிவெடுத்ததற்கு இந்த நோயின் வரலாற்றில் அப்பட்டமான உதாரணம் ஒன்று உண்டு. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செவிலியர், மருத்துவர் உட்பட 290க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. பலருக்கு நரம்பு, தசை சார்ந்த அறிகுறிகள் நெடுங்காலம் நீடித்தன. எம்இ என்ற பெயர் பிறந்தது இதன் தொடர்ச்சியாகத்தான். 15 ஆண்டுகள் கழித்து, 1970இல் மெக்கெவெடி, பியர்டு என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், இது கூட்டு மனப்பிறழ்வு என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவர்கள் நோயாளி ஒருவரையும் நேரில் பரிசோதிக்கவில்லை. பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. செவிலியர் நிறைந்த மருத்துவமனையில் வேறு யார் அதிகமாக இருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த முடிவு நீண்ட காலம் நிலைத்தது.

மனமே காரணம் என்றால், மனநிலை பலவீனமானவர்களுக்கு நோய் அதிகமாக வர வேண்டும் அல்லவா? ஆஸ்திரேலியாவின் டப்போ நகர வட்டாரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், க்யூ காய்ச்சல் ஆகிய மூன்றில் ஒன்றால் பாதிக்கப்பட்ட 253 பேரைத் தொற்று வந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 6 மாதங்களுக்குப் பிறகு, அவர்களில் 11% பேருக்கு நாள்பட்ட சோர்வு நோய்க்குறி இருந்தது. மூன்றும் வெவ்வேறு கிருமிகள், ஆனாலும் விளைவு ஒன்றுதான். யாருக்கு வரும் என்பதைப் பெருமளவு முன்கூட்டிச் சொன்னது தொடக்கக் காய்ச்சலின் கடுமை. வயதோ, பாலினமோ, முந்தைய மனநலப் பிரச்சினையோ அல்ல. 2006இல் இந்த ஆய்வு வெளியானதும் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்தான். கொரோனாவுக்குப் பிறகு உலகம் பெரிய அளவில் கண்டதும் இதையே. நெடுங்கோவிட் நோயாளிகளில் கணிசமானவர்களிடம் இந்த நோயின் அடையாளங்கள் அப்படியே பொருந்துகின்றன. மனச்சோர்வுக்கும் இதற்கும் ஒரு வேறுபாட்டைப் பொதுவாகச் சொல்லலாம்: மனச்சோர்வில் எதிலும் நாட்டம் போய்விடுகிறது, இங்கே நாட்டம் இருக்கிறது, அதன்படி நடந்தால் உடம்பு விழுகிறது. இரண்டும் ஒருவருக்கே வரலாம். அப்போது மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவை, அது மற்றதைத் தீர்த்துவிடும் என்று மட்டும் நம்பக் கூடாது.

வலுவான எதிர்வாதம் மனநோய் என்பதல்ல, பயிற்சியின்மை என்பது. ஏதோ ஒரு காய்ச்சலில் படுத்தவர், பயத்தால் அசையாமல் இருந்து, தசை தளர்ந்து, அதனால் மேலும் களைக்கிறார். ஆகவே சிறிது சிறிதாக உடற்பயிற்சியைக் கூட்டி, பயத்தைப் பேச்சுச் சிகிச்சையால் போக்கினால் குணமாகும் என்பது இந்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதைச் சோதிக்க 641 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ‘பேஸ்’ ஆய்வு, 2011இல் லான்செட் இதழில் வெளியானது. இரண்டு சிகிச்சைகளும் பலனளிப்பதாக அறிவித்தது. உடல் இயக்கத்துக்கு 100 வரை மதிப்பெண் தரும் கேள்வித்தாள் ஒன்றில் 65 அல்லது அதற்குக் கீழே பெற்றவரே ஆய்வில் சேரத் தகுதியானவர். குணமடைந்தார் என்று சொல்ல 85 வேண்டும் என்பது முதல் திட்டம். பின்னர் அதை 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். சேரும்போது இருந்ததைவிடச் சற்று மோசமாகிப்போனவரும் அந்த ஓர் அளவுகோலில் குணமானவராகக் கணக்கில் வரலாம் என்பதே இதன் பொருள். இரண்டு சிகிச்சைப் பிரிவுகளிலும் 22% பேர் குணமடைந்ததாக 2013இல் எழுதினார்கள். நோயாளி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் போராடி, 2016இல் தீர்ப்பாய உத்தரவால் மூலத் தரவுகளை வெளிக்கொண்டுவந்தார். பழைய அளவுகோலின்படி மறுபடி கணக்கிட்டபோது குணமடைந்தோர் எல்லாப் பிரிவுகளிலும் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்குச் சுருங்கினார்கள்; பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடும் இல்லை.

பயிற்சியின்மை வாதத்துக்கு நேரடியான பதில் உடலியல் ஆய்வகத்திலிருந்து வருகிறது. ஒருவரை நிலையான சைக்கிளில் மிதிக்கவிட்டு, மூச்சுக் காற்றை அளந்து, தசை எவ்வளவு உழைக்க முடிகிறது என்று பார்க்கலாம். அதே சோதனையை 24 மணி நேரம் கழித்து மீண்டும் செய்தால், உடற்பயிற்சியே செய்யாத ஆரோக்கியமானவர் ஏறத்தாழ முதல் நாள் அளவையே எட்டுகிறார். இந்த நோயாளிகளோ, பல ஆய்வுகளில், இரண்டாம் நாள் குறைந்த உழைப்பிலேயே எல்லையைத் தொட்டுவிடுகிறார்கள். தளர்ந்த தசை இரண்டு நாளும் ஒரே மாதிரித் தளர்ந்திருக்கும். ஒரு நாள் உழைப்பால் மறுநாள் திறன் இறங்குவது வேறு சங்கதி. 2024இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நெடுங்கோவிட் நோயாளிகள் 25 பேரின் தசைத் திசுவை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தபோது, உழைப்புக்குப் பிறகு திசுச் சேதமும் ஆற்றல் உற்பத்திக் கோளாறும் கூடியிருந்ததைக் கண்டார்கள். இவை சிறிய ஆய்வுகள். படுக்கையில் கிடக்கும் தீவிர நோயாளிகள் இவற்றில் இடம்பெறவே முடியாது. ஆனாலும் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2007இல் பரிந்துரைத்த படிப்படியான உடற்பயிற்சியை 2021 அக்டோபரில் கைவிட்டது. அதற்கான சான்றுகளின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்று மதிப்பிட்டது. பேச்சுச் சிகிச்சையை நோயைக் குணப்படுத்துவதாக அல்லாமல், நோயோடு வாழ உதவும் துணையாக மட்டும் வைத்தது. சில மருத்துவ அமைப்புகள் எதிர்த்ததால் வெளியீடு இரண்டு மாதங்களுக்கு மேல் தள்ளிப்போனது. உடற்பயிற்சியால் தேறியதாகச் சொல்லும் நோயாளிகளும் உண்டு என்பது அந்த அமைப்புகளின் வாதம். அது உண்மையாக இருக்கலாம். ஆனால், பழைய வரையறைகள் சில களைப்பையே முதன்மையாகப் பார்த்தன. உழைப்புக்குப் பிந்தைய வீழ்ச்சியைக் கட்டாயமாக்கவில்லை. அந்த வலையில் வேறு காரணங்களால் களைத்தவர்களும் சிக்கியிருப்பார்கள், அவர்களுக்கு நடை நல்லதே செய்திருக்கும்.

இதனால்தான் நம் ஊரில் முதல் வேலை, மற்ற காரணங்களை விலக்குவது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைபாடு, காசநோய், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு எல்லாம் அசதியாகத்தான் வெளிப்படும்; எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. அவை இல்லை என்றான பிறகும் களைப்பு நீடித்தால், அடுத்து என்ன சோதனை என்று தேடுவதில் பயனில்லை. நோயை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. சோதனை இல்லாததால் நோயும் இல்லை என்பவர்களுக்கு ஒற்றைத் தலைவலியை நினைவூட்டலாம். அதுவும் நோயாளி சொல்வதைக் கேட்டே கண்டறியப்படுகிறது. தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி, வேலை செய்த மறுநாள் எப்படி இருக்கிறது என்பதுதான்.

குணமாக்கும் மருந்தும் இல்லை. நம்பிக்கை தந்த ரிடுக்சிமேப் என்ற மருந்து, நார்வேயில் 151 பேரிடம் நடந்த சோதனையில் பலனற்றது என்று 2019இல் தெரிந்தது. ஆகவே ‘நூறு சதவீதம் குணம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதும் நோயைச் சமாளிப்பதில் அடக்கம். எஞ்சியிருப்பது, கைவசமுள்ள ஆற்றலுக்குள் வாழும் கட்டுப்பாடு. எல்லை தாண்டிச் செய்யும் ஒவ்வொரு வேலையும் கந்துவட்டிக்கு வாங்கிய கடன். அன்றைக்குக் கை நிறையும், பிறகு வட்டியே ஆளை விழுங்கும். ஓரிரு வாரம் செய்ததையும் பட்டதையும் குறித்துவைத்தால் அந்த எல்லை புலப்படும். சமையலை உட்கார்ந்தபடி செய்வது, ஒரு வேலையை மூன்றாகப் பிரிப்பது, களைத்த பிறகு அல்லாமல் களைப்பதற்கு முன்பே படுப்பது ஆகியவை உதவுகின்றன. கைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது ஓய்வில் சேராது; பேச்சு, வெளிச்சம், சத்தம், கவலை எல்லாமே செலவுதான். கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் விட்ட வேலையையெல்லாம் முடித்துவிடத் துடிப்பதே பலரையும் வீழ்த்தும் பொறி. நின்றால் படபடப்பு வருபவர்களுக்குக் கூடுதல் நீர், உப்பு, அழுத்தக் காலுறை ஆகியவற்றை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. தூக்கத்துக்கும் வலிக்கும் தனித்தனியே மருந்துகள் இருக்கின்றன.

இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் ஆள் முடங்கிவிடமாட்டாரா என்று வீட்டார் கேட்பது இயல்பு. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது இதன் நோக்கமல்ல. வீழ்ச்சி வராத அளவைக் கண்டு, அது நிலைத்த பிறகு, உடம்பு இடம் கொடுத்தால் மட்டும் கூட்டுவது. முழுமையாகக் குணமடையும் பெரியவர்கள் சொற்பமே. ஓரளவு தேறுபவர்கள் அதைவிட அதிகம். நால்வரில் ஒருவராவது வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ முடங்கும் கட்டத்தைச் சந்திக்கிறார்கள். கடினமான கேள்வி வேறு: தினக்கூலிக்குப் போகிறவரும், மூன்று வேளை சமைத்துப் பிள்ளைகளையும் மாமியாரையும் கவனிக்கிற பெண்ணும் எங்கே போய் ஓய்வெடுப்பார்கள்? அவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் ‘ஓய்வு’ வெறும் காகிதம். வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்வதும், வேலையிடத்தில் நேரத்தைத் தளர்த்துவதும் இங்கே சிகிச்சையின் பகுதியாகின்றன.

சட்டத்தில் வாசல் முழுக்க அடைபட்டிருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்த நோயின் பெயர் இல்லை. ஆனால், ‘நாள்பட்ட நரம்பியல் நிலைகள்’ என்ற வகை இருக்கிறது; பார்க்கின்சன் போன்றவை அதில் உதாரணமாகத்தான் சொல்லப்பட்டுள்ளன. எம்இ நோயை உலக சுகாதார நிறுவனம் 1969 முதல் நரம்பு மண்டல நோய்களின் கீழ்தான் வகைப்படுத்துகிறது. அந்த வகைக்குள் இதையும் சேர்த்துக்கொண்டாலும், இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40% பாதிப்பு என்று சான்று வேண்டும். சான்று தரும் குழு நோயாளியைப் பார்ப்பது ஒரு காலைப் பொழுதில், சில நிமிடம். அந்த மதிப்பீட்டில், குழுவின் முன் வந்து போனதற்கு அடுத்த இரண்டு நாட்கள் அவர் எப்படி இருந்தார் என்பதையும் பதிவுசெய்ய இடம் வேண்டும்.