கிடைத்த உபகாரச் சம்பளம் எங்கே போயிற்று?

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ பிளஸ் டூ பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவிட்டது. காலேஜில் படிக்க உபகாரச் சம்பளமும் கிடைத்துவிட்டது. என்ன செய்வீர்கள்? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பீர்கள். அடுத்த வீட்டு மாமியிடம் சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். "அப்பாடா, இனிமேல் கவலை இல்லை!" என்று மூச்சு விடுவீர்கள்.

அந்த மூச்சை மட்டும் சற்று ஒத்தி வையுங்கள். 1904-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் ஒரு வீட்டிலும் இப்படித்தான் சந்தோஷப்பட்டார்கள்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சின்ன வீடு. தகப்பனார் புடவைக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார்; வீட்டில் காலேஜ் பையன்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போடுவார். அதில் கிடைத்ததையும் சேர்த்துத்தான் குடும்ப வண்டி ஓடியது.

பையன் எதிலும் சோடை இல்லை. 1897-ல், பத்து வயது நிரம்புவதற்குள், ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் இங்கிலீஷ், தமிழ், பூகோளம், கணக்கு எல்லாவற்றிலும் தேறி, ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தான். டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்த பிறகும் பரிசுகள் குவிந்தன. 1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசும் அவனுக்கே. கையோடு அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அந்த வருமானத்தில் காலேஜ் படிப்பு என்றால், அந்தத் தாயாருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அந்தப் பையன் யார் என்று ஊகித்திருப்பீர்கள். ஆம், கணித மேதை ராமானுஜன்தான்.

ஆனால் அதற்கு முந்தின வருஷமே ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. கார் என்ற இங்கிலீஷ்காரர் எழுதியது. ஏறக்குறைய 5,000 கணிதச் சூத்திரங்கள், வரிசையாக. நிரூபணம் அநேகமாக இராது. இருந்தாலும் ஒரு வரி, இரண்டு வரி. மற்றவர்கள் புரட்டிவிட்டு மூடியிருப்பார்கள். இவரோ ஒவ்வொன்றையும் தாமே நிரூபிக்க உட்கார்ந்துவிட்டார். அதோடு மற்றப் பாடங்கள் மறந்து போயின.

காலேஜில் எஃப்.ஏ. வகுப்பு. கணக்கு மட்டுமா பாடம்? இங்கிலீஷ், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய சரித்திரம் எல்லாம் உண்டு. ராமானுஜன் இங்கிலீஷ் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது! 1905-ல் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பிள்ளையைக் காணாத வீடு என்ன பாடு பட்டிருக்கும்!

திரும்பி வந்து 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சை இரண்டு தடவையும் கைவிட்டது. அப்புறம் டியூஷன், வேலை தேடி அலைச்சல். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-ல்தான் சென்னைப் பல்கலைக் கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ் பயணம்; 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் என்ற கௌரவம்; 1920-ல், 32-வது வயதில், மரணம். அவ்வளவு குறுகிய ஆயுளில் எட்டு வருஷங்கள் இப்படி நிச்சயமில்லாமல் கழிந்தன!

"கணக்கைக் கட்டி வைத்துவிட்டு இங்கிலீஷ் படித்திருக்கலாமே" என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ராமானுஜனே இல்லை. ஒரு பாடத்தில் சிகரம் தொட்டவனை மற்றப் பாடங்களின் மார்க்கைக் கொண்டு அளந்தது அந்த நாளைய ஏற்பாட்டின் குறை. ஒன்பது வருஷம் கழித்துப் பல்கலைக் கழகமே விதியைத் தளர்த்த வேண்டி வந்தது. ஆனால் நம் வீட்டுக் குழந்தைக்காக விதி தளரும் என்று நாம் காத்திருக்க முடியுமா?

இன்றைக்கும் சங்கதி அதிகம் மாறிவிடவில்லை. மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். பிளஸ் டூ மார்க்கையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டும் அது வர வேண்டுமானால், பரீட்சையில் 50 சதவிகித மார்க்கும் வகுப்பில் 75 சதவிகித வருகையும் வேண்டும். கிடைப்பது ஒரு நாள் சந்தோஷம்; காப்பாற்றுவதோ வருஷம் முழுவதும் செய்கிற வேலை.

அதற்காகக் குழந்தையைச் சகலகலாவல்லி ஆக்குகிறேன் என்று பாட்டு, நாட்டியம், ஹிந்தி, கராத்தே என்று நாலு பக்கமும் இழுத்தடிக்காதீர்கள். நாலும் தெரிந்த பிள்ளை என்றால் நாலிலும் முதல் பரிசு வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. எதிலும் காலை வாரிவிடாமல் இருந்தால் போதும். பிடித்த பாடத்தைப் பிடுங்காதீர்கள். பிடிக்காத பாடத்துக்குத் தினம் அரை மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள். பெண் குழந்தையாக இருந்தால், அந்த அரை மணி நேரத்தில் "கொஞ்சம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளடி" என்று கூப்பிடாமல் இருங்கள்.

இன்னொன்று. பரீட்சைத் தாள் வந்ததும், "எதிலே முதல் மார்க்?" என்றுதானே கேட்கிறோம்? ஒரு தடவை, "எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது, கண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை பயமில்லாமல் பதில் சொன்னால், நீங்கள் ஒத்தி வைத்த மூச்சை அப்போது தாராளமாக விடலாம்.