மூன்று முறை உருமாறிய ‘ஃபியூரியஸ்’: ஓடும் கப்பலில் விமானத்தை இறக்கிய கதை

ஓடும் கப்பலிலிருந்து விமானம் கிளம்புவதும், அதே கப்பலில் வந்து இறங்குவதும் இன்று சாதாரணக் காட்சி. ஆனால், கிளம்புவதைவிட இறங்குவதே கடினம் என்பதைப் பிரிட்டிஷ் கடற்படை ஓர் உயிரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தைச் சுமந்த கப்பல் ‘ஃபியூரியஸ்’.

முதல் உலகப் போரின்போது 1915இல் இதன் கட்டுமானம் தொடங்கியது. 18 அங்குல வாய் விட்டம் கொண்ட இரண்டு ராட்சத பீரங்கிகளைச் சுமக்கும் போர்க்கப்பலாகவே இது திட்டமிடப்பட்டது. பணி முடியும் முன்பே கடற்படை மனம் மாறியது. முன்பக்கப் பீரங்கி கைவிடப்பட்டு, அந்த இடத்தில் 228 அடி நீள விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. பின்பக்கப் பீரங்கி அப்படியே இருந்தது. பாதி போர்க்கப்பல், பாதி விமானத் தளம்!

டன்னிங்கின் துணிச்சல்

முன்தளம் விமானங்கள் கிளம்புவதற்கு மட்டுமே அமைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் மாலுமி மேடையும் புகைபோக்கியும் உயர்ந்து நின்றதால், பின்னாலிருந்து நேராக வந்து இறங்க வழியில்லை.

1917 ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில், 25 வயது விமானி எட்வின் டன்னிங் ஒரு வழி கண்டார். கப்பல் எதிர்க்காற்றில் வேகமாகச் சென்றது. அதன் பக்கவாட்டில் பறந்துவந்த அவர், விமானத்தை மெல்லத் தளத்தின்மேல் நகர்த்தினார். கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்ததால், விமானம் தளத்துக்குமேல் ஏறக்குறைய அசையாமல் மிதந்தது. கீழே காத்திருந்தவர்கள் ஓடிவந்து அதைப் பிடித்து இறக்கினர். ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது உலகிலேயே அதுதான் முதல் முறை.

ஐந்து நாள் கழித்து டன்னிங் மீண்டும் முயன்றார். அன்று அவரது விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழ, அவர் மூழ்கி உயிரிழந்தார்.

இரண்டாவது உருவம்

பின்பக்கப் பீரங்கியும் அகற்றப்பட்டு, அங்கே இறங்குதளம் போடப்பட்டது. அப்போதும் நடுவிலிருந்த புகைபோக்கியும் மேல்கட்டுமானமும் காற்றைக் குழப்பின. சூடான புகை விமானங்களைத் தள்ளாட வைத்தது. சோதனைகள் பல விபத்தில் முடிந்தன.

1918 ஜூலை 19ஆம் தேதி, ஃபியூரியஸிலிருந்து கிளம்பிய ‘கேமல்’ ரக விமானங்கள், ஜெர்மனியின் டோண்டர்ன் தளத்தைத் தாக்கி இரண்டு ராட்சத ஆகாயக் கப்பல்களை எரித்தன. மாபெரும் வெற்றிதான். ஆனால், ஒரு விமானம்கூடத் திரும்பிவந்து கப்பலில் இறங்கவில்லை. சில கடலில் இறங்கின. சில டென்மார்க் நாட்டில் தரையிறங்கின. ஒரு விமானி உயிரிழந்தார்.

மூன்றாவது உருவம்

மேலே தடையே இல்லாத தளம் வேண்டும் என்பது உறுதியானது. 1921 முதல் 1925 வரை ஃபியூரியஸ் முழுமையாகத் திருத்திக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த கட்டுமானம் அகன்றது. புகை, குழாய்கள் வழியே கப்பலின் பின்புறத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இந்த உருவத்தில்தான் அது இரண்டாம் உலகப் போரையும் சந்தித்தது. 1942 ஆகஸ்ட்டில், முற்றுகையில் தவித்த மால்டா தீவுக்கு ‘ஸ்பிட்ஃபயர்’ போர் விமானங்களைக் கொண்டு சேர்த்தது. 1944 ஏப்ரலில் நார்வேயில் நின்ற ஜெர்மனியின் ‘டிர்பிட்ஸ்’ போர்க்கப்பல்மீதான தாக்குதலிலும் பங்கேற்றது.

வயது முதிர்ந்த அந்தக் கப்பல் 1944இல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டு, 1948இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. டன்னிங் உயிரைப் பணயம் வைத்துத் தொடங்கிய வேலையைத்தான் இன்றைய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானிகள் நாள்தோறும் செய்கிறார்கள்.