தெம்னிக்கைப் படிக்க மறுத்தவர்

2002-ஆம் ஆண்டில் உக்ரைன் தலைநகர் கீவின் தொலைக்காட்சிச் செய்தியறைகளுக்கு ஃபேக்ஸில் சில தாள்கள் வந்துகொண்டிருந்தன. கையெழுத்து கிடையாது, முத்திரை கிடையாது, அனுப்பியவர் பெயரும் இருக்காது. எந்தச் செய்தியை முதலில் போடுவது, அதை எப்படிச் சொல்வது, எதிர்க்கட்சியின் எந்தக் கூட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று வரிசையாக எழுதியிருக்கும். தெம்னிக் என்பார்கள். அதிபர் லியோனித் குச்மாவின் அலுவலகத்திலிருந்துதான் இவை வருகின்றன என்பது செய்தியறையில் எல்லோருக்கும் தெரியும்.

மீறுவதற்குத் துணிச்சல் வேண்டும். குச்மாவின் ஆட்சியைக் கேள்வி கேட்ட கியோர்கி கொங்காட்ஸே என்ற பத்திரிகையாளர் 2000 செப்டம்பரில் காணாமல் போய், பிறகு தலையில்லாத உடலாகக் காட்டில் கண்டெடுக்கப்பட்டிருந்தார். அந்தப் பயம் ஊடகத் துறையில் எல்லோர் மனதிலும் இருந்தது.

அந்தச் சூழலில்தான், நோவி கனால் என்ற சேனலில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த ஆந்த்ரி ஷெவ்சென்கோ தணிக்கையைக் கண்டித்து வேலையை விட்டார். வயது 26. (அதே பெயரில், அதே 1976-இல் பிறந்த கால்பந்து வீரர் வேறொருவர்.) அந்தச் சேனல் குச்மாவின் மருமகன் விக்தர் பின்சுக்கின் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ராஜினாமாவின் கனம் புரியும். ஷெவ்சென்கோ அத்தோடு ஒதுங்கிவிடவில்லை. சக பத்திரிகையாளர்களைத் திரட்டி, கீவில் ஒரு சுயேச்சையான ஊடகத் தொழிற்சங்கத்துக்குத் தலைமை ஏற்றார்.

பிறகு சேனல் 5-க்குப் போனார். தொழிலதிபர் பெத்ரோ பொரொஷென்கோவுக்குச் சொந்தமான சிறிய சேனல் அது. நாட்டின் பல பகுதிகளில் தெரியவே தெரியாது. 2004 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அதன் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. ஊழியர்கள் உண்ணாவிரதம் இருந்தபடியே ஒளிபரப்பைத் தொடர்ந்தார்கள். நவம்பர் 21-இல் நடந்த இரண்டாம் சுற்றில் மோசடி என்று மக்கள் தெருவுக்கு வந்தபோது, அந்தக் கூட்டத்தை நேரலையில் காட்டியது சேனல் 5.

அரசுத் தொலைக்காட்சியில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. நவம்பர் 25 அன்று செய்தி வாசிப்பவர் அதிகாரபூர்வ முடிவைப் படிக்க, திரையின் மூலையில் சைகைமொழியில் பெயர்த்துக்கொண்டிருந்த நத்தாலியா த்மித்ருக் அதை விட்டுவிட்டு, முடிவு பொய்யானது, நம்பாதீர்கள் என்று கைகளால் சொன்னார். இதுவரை பொய்களைப் பெயர்த்ததற்கு வெட்கப்படுவதாகவும் சொன்னார். காது கேளாதவர்களுக்குத்தான் அன்று உண்மை முதலில் போய்ச் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் முடிவை ரத்து செய்து, டிசம்பர் 26-இல் மறுவாக்கெடுப்பு நடந்தது.

2006-இல் அரசியல் தலைவர் யூலியா திமொஷென்கோவின் அணியிலிருந்து ஷெவ்சென்கோ நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பத்திரிகையாளர் கட்சிக்காரராக மாறுவது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். கேள்வி கேட்டவர் ஒரு தலைவருக்குக் கட்டுப்பட்டுக் கைதூக்கும் இடத்துக்குப் போகிறார். ஆனால் இவர் செய்தியறையின் குறையை மறக்காமல் உள்ளே கொண்டுபோனார். கருத்துச் சுதந்திரக் குழுவில் இருந்துகொண்டு, பொதுத் தகவல் பெறும் சட்டத்துக்கான மசோதாவை எழுதினார்.

அது நிறைவேறிய விதம்தான் முக்கியம். 2010-இல் விக்தர் யானுகோவிச் அதிபரானார். ஷெவ்சென்கோ எதிர்க்கட்சி வரிசையில். தணிக்கை மறுபடி தலைகாட்டுகிறது என்று பத்திரிகையாளர்கள் இயக்கம் தொடங்கினார்கள். ஆளுங்கட்சி தன் பங்குக்கு வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் 2011 ஜனவரி 13 அன்று சட்டம் நிறைவேறியது. காரணம் சொல்லாமலேயே யாரும் எந்த அரசு அலுவலகத்திடமும் தகவல் கேட்கலாம். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ தேவையான தகவல் என்றால் 48 மணி நேரம். மறுப்பதென்றால், வெளியிடுவதால் வரும் கெடுதல் மக்களுக்குக் கிடைக்கும் நன்மையைவிடப் பெரியது என்று அதிகாரிதான் காட்ட வேண்டும். சுமை கேட்பவரிடமிருந்து மறைப்பவருக்கு மாறியது. ஒரு நிருபருக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த உறுப்பினரும் செய்துவிட முடியாது.

2014 வரை உறுப்பினராக இருந்தார். 2015 முதல் 2021 வரை கனடாவில் தூதர். 2020 ஜனவரியில் தெஹ்ரான் அருகே உக்ரைன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். இறந்தவர்களில் பலர் கனடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

2022-இல் ரஷ்யப் படையெடுப்புக்குப் பின் உக்ரைனின் பெரிய சேனல்கள் ஒரே கூட்டு ஒளிபரப்பாக இணைக்கப்பட்டன. குண்டு விழும் நாட்டில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், அந்தக் கூட்டில் இல்லாத, ஷெவ்சென்கோ ஒருகாலத்தில் வேலை பார்த்த சேனல் 5 டிஜிட்டல் ஒளிபரப்பிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியது யார், எந்தச் சட்டப்படி என்று உக்ரைன் பத்திரிகையாளர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள்.