மழலையரைப் படிக்கும் கல்வி

தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்கள் வழியில் வாதாடிக்கொண்டு வந்தார்கள். நம் ஆண்டவர் ஒரு சிறு குழந்தையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் (மாற்கு 9:36). இப்பகுதி திருப்பலியில் வாசிக்கப்படும்போதெல்லாம் நாம் தாழ்ச்சியைப் பற்றியே சிந்திக்கிறோம். அது சரிதான். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. பெரியவர்கள் தங்கள் பேச்சை விட்டுவிட்டு ஒரு குழந்தையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

நம் பங்குகள் பலவற்றில் அருட்சகோதரிகள் பால்வாடியோ நர்சரி பள்ளியோ நடத்தி வருகிறார்கள். ஜூன் மாதம் நெருங்கினால், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் வீடுதோறும் பேச்சு. நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது, எத்தனை ஆங்கிலப் பாட்டு சொல்கிறது என்று பார்த்தே பள்ளியை எடைபோடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளை விரல் வலிக்க எழுதுகிறது. அதனால் அதற்கு நன்மையா என்று யாராவது கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்பதே நம் பதில். உண்மையில் இது விசாரித்து அறிய வேண்டிய கேள்வி. ஆய்வு என்றதும் பல்கலைக்கழகம், பட்டம் என்று நாம் மிரள வேண்டியதில்லை. எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது என்பதைக் கற்றுக்கொள்வதே அதன் தொடக்கம்.

குழந்தைகளை அளந்து பார்ப்பது மதுரைச் சீமைக்குப் புதிதல்ல. மேலூருக்கு வடக்கே உள்ள கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது. மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு அட்டையில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே ஏறாமல் நின்றுவிட்டால், பிள்ளை பார்வைக்கு மெலியும் முன்பே தாய்க்கு எச்சரிக்கை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாததைத் தொடர்ந்து எழுதிவைத்த குறிப்பு காட்டிக்கொடுத்தது. ஆனால் எடைக்குத் தராசு உண்டு, கற்றலுக்குத் தராசு ஏது?

இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே கொடுத்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணி நம் அருகிலேயே வாழ்ந்திருக்கிறார். மரிய மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்று 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரில் 1940-இல் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால், இத்தாலியரான அவர் நடமாடக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1942 முதல் 1944 வரை அவர் தங்கியது, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலில். எழுபது வயதைக் கடந்தவர், போர்க்காலம், அந்நிய நாடு. ஆனாலும் மலையில் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, அவர்கள் செடிகொடிகளோடும் பிராணிகளோடும் பழகுவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் நம்மில் எத்தனை பேர் இதை நினைக்கிறோம்?

அவருடைய முறையை ஒரே நிகழ்ச்சியில் விளங்கிக்கொள்ளலாம். உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், 1907 ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, அவரது முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளுக்குள் அளவு பார்த்து உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். மருத்துவரான மாண்டிசோரி அவளைப் பாராட்டவில்லை, திருத்தவில்லை. எண்ணத் தொடங்கினார். பிறகு மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடி நடக்கச் செய்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ நிமிரவே இல்லை. நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டு, களைப்பே இல்லாமல் தானாக நிறுத்தினாள். சிறு பிள்ளைக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது என்று நம்பியிருந்த காலம் அது. தம் நம்பிக்கையை விட்டுவிட்டுத் தம் கண்ணையும் எண்ணிக்கையையும் ஏற்றுக்கொண்டதில்தான் அம்மையாரின் பெருமை இருக்கிறது.

பார்ப்பது கடினம் என்றால், கேட்பது அதைவிடக் கடினம். மறைக்கல்வி வகுப்பு எடுத்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஒரு பிள்ளை சரியாகப் பதில் சொன்ன பிறகு "என்ன சொன்னாய்?" என்று மறுபடி கேட்டால் உடனே பதிலை மாற்றிக்கொள்ளும். பெரியவர் இரண்டு முறை கேட்கிறார் என்றால் முதல் பதில் தவறு என்றே அது எடுத்துக்கொள்கிறது. அறிஞர் பியாஜே, இரண்டு வரிசைகளில் சமமாகக் காசுகளை வைத்து, பிள்ளைகளின் கண்ணெதிரே ஒரு வரிசையை அகலப் பரப்பி, எதில் அதிகம் என்று கேட்டார். சிறு பிள்ளைகள் பரப்பிய வரிசையைக் காட்டினார்கள். எண்ணிக்கை மாறாது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை என்று முடிவு கட்டப்பட்டது. 1970-களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் அதே சோதனையைச் சிறு மாற்றத்தோடு செய்தார்கள். வரிசையைக் கலைத்தது ஆசிரியர் அல்ல, பெட்டியிலிருந்து குதித்து வந்த ஒரு குறும்புக்காரப் பொம்மைக் கரடி! இப்போது சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடினர். முதல் சோதனையில் தவறியது குழந்தையின் அறிவு மட்டும்தானா, நம் கேள்வியுமா? அங்கன்வாடிக்குள் கையில் தாளோடு நுழையும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைப்பது நல்லது.

அளவுகோலையும் அப்படியே கடன் வாங்க முடியாது. அமெரிக்காவில் மழலையர் கூடங்களின் தரத்தை மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு. இடவசதி, விளையாட்டுப் பொருள்கள், ஆசிரியை பேசும் விதம் எனப் பலவற்றுக்கும் மதிப்பெண் இடுவார்கள். சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் மீனா சுவாமிநாதனும் உடன் உழைத்தவர்களும் அதை நம் சூழலுக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாட்டிற்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். இந்த அம்மையார் தலைமையேற்ற குழு 1972-இல் அளித்த அறிக்கை, 1975-இல் அங்கன்வாடித் திட்டம் பிறக்க வழிகோலிய ஒன்று. ஒரே அறையில் சமையலும் பாடமும் நடக்கும் இடத்தை வெளிநாட்டுக் கணக்கில் அளந்தால் எல்லாமே பூஜ்யம்தான் வரும். எந்த ஆசிரியை நன்றாகச் செய்கிறார் என்பது மட்டும் தெரியாமலே போகும்.

அண்மையில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு நம் கவனத்துக்குரியது. 2016-இல் தொடங்கி, 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கும் நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஆய்வாளர்கள் மையத்துக்கு வந்திருந்த பிள்ளைகளோடு நின்றுவிடாமல், வீடுகளுக்கும் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அங்கே கிடைத்த முன்னேற்றம் சிறியது. மையத்திலேயே நின்றிருந்தால், வராத பிள்ளைகள் கணக்கில் விழாமலேயே போயிருப்பார்கள். செங்கல் சூளைக்குத் தாயோடு போன பிள்ளை, காய்ச்சலில் படுத்த பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பிள்ளை என்று வராதவர்கள் நம் ஊரிலும் உண்டு. தொண்ணூற்றொன்பது ஆடுகளின் கணக்கு சரியாக இருந்தும் மேய்ப்பர் புறப்பட்டுப் போனது ஏன் என்று நமக்குத் தெரியும்.

அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோரின் இசைவைக் கேட்டுப் பெறாமல் எந்தக் குழந்தையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பங்கில் எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்பது சாக்காகாது. சிஸ்டர் கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்லக் கூசும் தாய்மார் உண்டு. ஆகவே மறுத்தாலும் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது என்பதை முதலில் நாமே சொல்லிவிட வேண்டும். மூன்று வயதுக் குழந்தை கையெழுத்துப் போடாது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிவதும்தான் அதன் மறுப்பு. அதைக் கண்டால் நாம் விலகிவிட வேண்டும். பிள்ளையின் பெயரும் படமும் நம் குறிப்பேட்டை விட்டு வெளியே போகலாகாது.

ஆசிரியர் பயிற்சி பெறும் நம் பிள்ளைகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இப்படித் தொடங்கிப் பார்க்கலாம். பங்கின் பால்வாடி ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மூலையில் தரையில் உட்காருங்கள். ஒரே ஒரு குழந்தையைத் தெரிந்துகொண்டு, கால் மணி நேரம் அதை மட்டும் பாருங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'பிடிவாதக்காரன்' என்று அங்கே எழுதக் கூடாது. 'சிவப்புக் கட்டையைக் கேட்டான், கிடைக்கவில்லை, ஜன்னல் அருகே போய் நின்றான்' என்று எழுத வேண்டும். உங்கள் எண்ணத்தை வலப்பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே குழந்தையை, அதே நேரத்தில் மறுபடியும் பாருங்கள். மூன்று நான்கு வாரங்கள் கழித்து இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டால், வலப்பக்கத்தில் எத்தனை வரிகளை அடிக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியவரும்.