இன்சுலின் பம்ப் போட்டா சர்க்கரை தானா கட்டுப்படுமா? தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இடுப்பில் பழைய பேஜர் மாதிரி ஒரு சின்னக் கருவி. அதிலிருந்து சட்டைக்குள் போகும் மெல்லிய குழாய். ‘இதைப் போட்டுட்டா ஊசியே வேண்டாம், சர்க்கரையை அதுவே பார்த்துக்கும்’ என்பதுதான் இன்சுலின் பம்ப் பற்றி பலருக்கும் இருக்கும் எண்ணம்.

இதில் பாதிதான் உண்மை. தினமும் நாலைந்து முறை ஊசி குத்துவது நிற்கும். ஆனால் கவனிப்பு நிற்காது. முதல் சில வாரங்களில் வேலை கூடத்தான் செய்யும். அதோடு, ஊசி போட்ட காலத்தில் இவ்வளவு பெரிதாக இல்லாத ஓர் ஆபத்தும் சேர்ந்து வருகிறது.

பம்ப் என்ன செய்கிறது?

டைப் 1 சர்க்கரை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பதை கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. ஊசி போடுபவர்கள் இரண்டு வகை இன்சுலின் எடுப்பார்கள்: நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலின், சாப்பாட்டுக்கு முன் துரித இன்சுலின்.

பம்ப்பில் துரித இன்சுலின் மட்டும்தான். அதையே 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாக அனுப்புகிறது. இதற்குப் பெயர் ‘பேசல்’. சாப்பிடும்போது பொத்தானை அழுத்திக் கூடுதலாகக் கொடுப்பது ‘போலஸ்’. தோலுக்கு அடியில் இருக்கும் கேனுலா என்ற சின்னக் குழாய் வழியாக இன்சுலின் உள்ளே போகும். அதை 2, 3 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

டைப் 1 உள்ளவர்களுக்கும், தினம் பல ஊசி போட்டும் கட்டுப்படாத சில டைப் 2 நோயாளிகளுக்கும் இது பயன்படும். மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இது தேவையில்லை.

அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் ஊசியில் நாளைக்கு 48 யூனிட் எடுக்கிறார். பம்ப்புக்கு மாறும்போது பெரும்பாலும் 25% வரை குறைப்பார்கள். 36 யூனிட். இதில் பாதி, அதாவது 18 யூனிட் பேசல். மணிக்கு 0.75 யூனிட் வரும். மீதி சாப்பாட்டுக்கு.

500-ஐ 36-ஆல் வகுத்தால் சுமார் 14. அதாவது 14 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட். ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அப்படியென்றால் 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இது தொடக்கப் புள்ளிதான். ராத்திரி 2, 3 மணிக்கு எழுந்து பரிசோதித்து, குறித்து வைத்து, மருத்துவரோடு உட்கார்ந்து மாற்றிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கணக்கை நீங்களாக வீட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது.

கல்யாணப் பந்தியில் பாயசம் ரெண்டாவது முறை வந்தால் இன்னொரு ஊசி தேவையில்லை, பொத்தான் போதும். ஆனால் இலையில் எவ்வளவு விழுந்தது என்று பம்ப்புக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதிய ஆபத்து எது?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பம்ப்பில் நீண்டநேர இன்சுலின் இல்லை. அதனால் உடம்பில் ‘கையிருப்பு’ என்று எதுவும் கிடையாது. கேனுலா மடங்கினாலோ, குழாயில் காற்றுக்குமிழி சேர்ந்தாலோ, தூக்கத்தில் ஒட்டு கழன்றாலோ, சில மணி நேரத்திலேயே சர்க்கரை எகிறும். ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இது உயிருக்கே ஆபத்தான நிலை.

அதனால் பம்ப் போட்டவர்களுக்குப் பொதுவாகச் சொல்லித்தரும் விதிகள் இவை:

* காரணமில்லாமல் சர்க்கரை 250 மி.கி.க்கு மேல் போனால் கீட்டோன் பாருங்கள். பம்ப்பில் கொடுத்த இன்சுலினுக்கு இறங்கவில்லை என்றாலோ, கீட்டோன் இருந்தாலோ, இன்சுலினை பேனா ஊசியில் போடுங்கள். பிறகு செட்டை மாற்றுங்கள்.
* பேனா, ஊசி, கீட்டோன் பட்டை, கூடுதல் செட் எப்போதும் பையில் இருக்கட்டும். குழந்தை என்றால் பள்ளியிலும் ஒரு செட்.
* செட்டை காலையில் மாற்றுங்கள். 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். படுக்கப் போகும்போது மாற்றினால், கோளாறு விடியும்போதுதான் தெரியும்.
* சர்க்கரை ஏறியிருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி வந்தால் ‘ஏதோ சாப்பிட்டது சேரல’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் பழைய விதிதான்: 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை.

குளிக்கலாமா, வெயிலில் போகலாமா?

நீர் புகாத மாடல் இல்லையென்றால் குளிக்கும்போது கழற்றி வைக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் பம்ப்போடு போகவே கூடாது. நம்ம ஊர் கோடையில் இன்னொரு சிக்கல்: 37 டிகிரிக்கு மேல் சூடானால் பம்ப்புக்குள் இருக்கும் இன்சுலின் வீரியம் இழக்கும். நிறுத்திய காரிலோ, வெயிலிலோ கருவியை விடாதீர்கள்.

‘தானியங்கி’ பம்ப் வந்துவிட்டதே?

ஆமாம். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரோடு சேர்ந்து, பேசல் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் முதல் பம்ப்புக்கு அமெரிக்கா 2016-ல் அனுமதி தந்தது. ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தை இது நிறையவே குறைக்கும். ஆனாலும் சாப்பாட்டின் மாவுச்சத்தை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். செட் அடைத்துக்கொண்டால் தானியங்கி பம்ப்பும் கையை விரித்துவிடும்.

போடுவதா, வேண்டாமா?

பம்ப் விலை லட்சங்களில். செட், சென்சார் எல்லாம் மாதாமாதம் தனிச் செலவு. பலர் முதல் செலவை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். மாதச் செலவு தாங்குமா, பழுதானால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் வரும், ராத்திரியில் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஒரு பழைய ஆய்வு இங்கே உதவும். அமெரிக்கா, கனடாவில் 1,441 டைப் 1 நோயாளிகளிடம் நடந்து 1993-ல் வெளியானது. தீவிரமாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களில், தொடக்கத்தில் கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76% குறைந்தது. அந்தத் தீவிர சிகிச்சைக் குழுவில் பம்ப் போட்டவர்களும் இருந்தார்கள், தினம் மூன்று ஊசி அல்லது அதற்கு மேல் போட்டவர்களும் இருந்தார்கள்.

ஆகவே பம்ப் வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஊசியிலும் நல்ல கட்டுப்பாடு முடியும். வாங்குபவர்கள், மாவுச்சத்துக் கணக்கையும் பேனா ஊசியையும் மறக்காமல் இருந்தால் போதும். பம்ப் மாட்டும் நாளுக்கு முன், ‘இது நின்றுவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.