வெளியூர்ப் பயணமும் பொது வைஃபையும்

கைத்தறிக் கண்காட்சிக்குச் சேலை மூட்டையுடன் புறப்படும் நெசவாளரும், விளைபொருளை விற்க வெளியூர்ச் சந்தைக்குச் செல்லும் விவசாயியும், முற்காலத்தில் விற்ற பணத்தை மடியில் முடிந்து, அதன்மேல் கை வைத்தபடியே ரயிலில் உறங்கி வந்தனர். இன்று அப்பணத்தில் பெரும்பகுதி கைப்பேசியின் வழியாக வங்கிக் கணக்கிற்குச் சென்று சேர்ந்துவிடுகிறது. மடியைக் காக்கும் வழி நமக்குத் தெரிந்திருந்தது. கைப்பேசியைக் காக்கும் வழியையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதிலும் ரயில் நிலையம், விடுதி, தேநீர்க்கடை முதலிய பொது இடங்களில் கிடைக்கும் வைஃபையை உபயோகிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வசதி நம் நாட்டில் விரைவாகப் பரவியது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில், ரயில்வேயைச் சேர்ந்த ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் இணைந்து பயணிகளுக்கு இலவச வைஃபை வழங்கத் தொடங்கின. 2018இல் அது 400 நிலையங்களை எட்டியது. 2020இல் கூகுள் விலகிக்கொள்வதாக அறிவித்த பின்னரும், ரெயில்டெல் அதனைத் தானே நடத்தி, 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விரித்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த பி.எம். வாணி திட்டத்தின்படி சிறு கடைக்காரரும் வைஃபை வழங்கலாம். இவை நல்ல ஏற்பாடுகளே. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இவற்றின் தன்மையை அறிந்திருத்தல் அவசியம்.

அபாயம் எங்கே இருக்கிறது?

வைஃபை என்பது வானொலி அலை. நம் கைப்பேசி அனுப்பும் செய்தி நாற்புறமும் பரவுகிறது. அருகிலுள்ள எந்தக் கருவியும் அதனைப் பிடிக்க இயலும். கடவுச்சொல் இல்லாத திறந்த வலையில், செய்திக்கு வேறு மறைப்பு இல்லாவிடில், அது அஞ்சலட்டையில் எழுதிய கடிதம் போன்றதே. விடுதிச் சுவரில் கடவுச்சொல்லை எழுதி வைத்திருந்தாலும் முழுக்காவல் ஆகாது. பெரும்பாலும் வழக்கிலுள்ள முறையில், அச்சொல்லை அறிந்த மற்றொருவர், நம் கைப்பேசி வலையில் சேரும் தருணத்தையும் பதிவு செய்துகொண்டால், நம் செய்தியைப் பிரித்துப் படிக்க வழியுண்டு. 2018இல் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் முறை இக்குறையை நீக்கியது. ஆனால் எல்லா இடங்களிலும் அது இல்லை.

2010இல் ஃபயர்ஷீப் என்னும் ஒரு சிறு நிரல் வெளியாயிற்று. திறந்த வலையில் அமர்ந்துள்ள பிறரது கணக்குகளுக்குள் எவரும் நுழைந்துவிடலாம் என்பதை அது உலகறியக் காட்டியது. அதன் பின்னர்ப் பெரிய இணையதளங்கள் ஒவ்வொன்றாக எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறைப்பு முறைக்கு மாறின. இம்முறையில் செய்தி உறையிலிட்டு முத்திரை வைத்த கடிதம் போல் செல்கிறது. எந்தத் தளத்திற்குச் செல்கிறோம் என்பது வெளியே தெரியலாம்; அங்கே எழுதுவது தெரியாது. இன்று வங்கிகளின் செயலிகள் யாவும் இம்மறைப்பையே நம்பி இயங்குகின்றன.

அவ்வாறாயின் மோசம் எவ்வாறு நேர்கிறது? உறையைப் பிரிப்பது கடினமாகிவிட்டதால், நம்மையே ஏமாற்றிக் கடிதத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்ள முயல்கிறான் திருடன். உண்மையான வலையின் பெயரிலேயே ஒரு போலி வலையைச் சிறு கருவியால் அவன் உண்டாக்குகிறான். அதில் சேர்ந்தவரிடம், உள்ளே நுழைய மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் வேண்டும் என்று ஒரு போலிப் பக்கம் கேட்கிறது. விமான நிலையங்களில் இவ்விதம் செய்ததாக 2024இல் ஆஸ்திரேலியப் போலீசார் ஒருவர்மீது வழக்குத் தொடர்ந்தனர்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

முதலாவதாக, பணம் செலுத்துதல், கணக்கைப் பார்த்தல் ஆகியவற்றை நமது சிம் தரும் இணைய வசதியிலேயே செய்தல் வேண்டும். வைஃபையை ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். சிம்மில் வசதி தீர்ந்திருந்தால், உடன் வந்த நண்பரின் கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லுடன் கூடிய ஹாட்ஸ்பாட்டைப் பெறலாம். செய்தி படித்தல், ரயில் நேரம் பார்த்தல் போன்றவற்றிற்குப் பொது வலை போதுமானது.

இரண்டாவதாக, வலையின் சரியான பெயரை அங்குள்ள ஊழியரிடமோ அறிவிப்புப் பலகையிலோ அறிந்த பின்னரே சேர வேண்டும். தானாகச் சேரும் அமைப்பை நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் அவ்வலையைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுதல் நலம்.

மூன்றாவதாக, ரயில் நிலைய வைஃபை கைப்பேசி எண்ணையும், அதற்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்கும். அதற்கு மேல் வங்கி அட்டை எண், மின்னஞ்சல் கடவுச்சொல், யு.பி.ஐ. ரகசிய எண் ஆகியவற்றை எந்த வலை கேட்டாலும் உடனே விலக வேண்டும். வந்த ஓ.டி.பி. வைஃபைக்கானதுதானா, வங்கிக்கானதா என்பதையும் செய்தியை முழுவதும் படித்து உறுதி செய்தல் வேண்டும். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை என்பதையும் மறத்தல் கூடாது.

நான்காவதாக, தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்று கைப்பேசி எச்சரித்தால், அதனைத் தள்ளி மேலே செல்லுதல் ஆகாது. பூட்டுக்குறி இருப்பதாலேயே தளம் நேர்மையானது என்றும் கொள்ள முடியாது. வழி மூடப்பட்டிருக்கிறது என்பதையே அது கூறும்; வழியின் முடிவில் இருப்பவர் யார் என்பதை முகவரியின் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்து நாமே அறிய வேண்டும்.

ஐந்தாவதாக, வி.பி.என். என்னும் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை நம் செய்தியை மறைத்து வேறொருவரின் கணினி வழியே அனுப்புகின்றன. அதாவது, விடுதிக்காரரை நம்புவதற்குப் பதில் அச்செயலிக்காரரை நம்புகிறோம். முன்பின் தெரியாத இலவசச் செயலியைப் பொருத்துவதைவிட அது இல்லாமலிருப்பதே மேல்.

இவற்றுடன் திரைப்பூட்டு, இரட்டைச் சரிபார்ப்பு, கைப்பேசியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல் ஆகியவற்றைப் புறப்படுமுன் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

நஷ்டம் நேர்ந்துவிட்டால்

வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைத்தல் பெரும்பிழை. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்வதோடு, வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் நிறுத்திவைக்க முயலலாமாதலால், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பு, நம் தவறும் வங்கியின் தவறுமின்றி நேர்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமில்லை என வகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்விதி வழங்கப்பட்டது. ரகசிய எண்ணைத் தாமே கொடுத்தவர், தெரிவிக்கும் வரையிலான நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்பதும் அவ்வறிவிப்பில் உண்டு. தாமதம் யாருக்குக் கேடு என்பது இதனால் விளங்கும்.

சங்கத்தின் பொறுப்பு

தனி அங்கத்தினரின் கைப்பேசியில் இருப்பது அவர் பணம். காரியதரிசியின் கைப்பேசியிலோ சங்கத்தின் கணக்கே இருக்கக்கூடும். அது நூல் வாங்கவும், கூலி கொடுக்கவும், விதைக்கடன் வழங்கவும் வைத்துள்ள எல்லோருடைய பணம். ஆகவே, சங்கக் கணக்கைப் பொது வைஃபையில் திறப்பதில்லை என்றும், ஒருவர் பதிவு செய்து மற்றொருவர் ஒப்புதல் தந்த பின்னரே பணம் செல்ல வேண்டும் என்றும் நிர்வாகக் குழுக்கள் தீர்மானம் நிறைவேற்றுதல் நலம். காசோலையில் இருவர் கையொப்பமிடும் நமது பழைய வழக்கத்தின் புது வடிவமே இது. கண்காட்சிக்குச் செல்வோருக்குச் சரக்குப் பட்டியலைக் கொடுக்கும்போதே இம்முறைகளையும் எடுத்துச் சொல்லி அனுப்பினால், விற்ற பணம் குறைவின்றி ஊர் வந்து சேரும்.