விளக்கு: ஒரு சொல், மூன்று திருப்பணி



அடியேன் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில், மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் 'விளக்கு' என்பதன் பொருளைக் கேட்டேன். எல்லாரும் குத்துவிளக்கைச் சொல்ல, ஒரு சிறுமி மட்டும், "எங்கள் பாட்டி சட்டி விளக்குவார், ஐயா" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் விடையும் சரியே.

'விளங்கு' என்றால் ஒளிர்தல், தெளிவாதல். திருந்து என்பது திருத்து என்றாவதுபோல, விளங்கு என்பது விளக்கு என்றாகும். விளங்கச் செய் என்பது பொருள். இருளை நீக்குவதால் தீபம் விளக்கு. கரியை நீக்கிப் பாத்திரம் துலக்குவதும், பல் துலக்குவதும் விளக்குதல். ஐயம் நீக்கிப் பொருள் சொல்வதும் விளக்குதலே. மூன்றிலும் மறைத்து நிற்பது அகற்றப்படுகிறது.

இவற்றுள் தீபம் ஏற்றும் பணியை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். 1010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், அணையாத நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். திருவொற்றியூர்க் கலிய நாயனாரோ, செல்வம் யாவும் கரைந்த பின்னர், செக்கில் கூலி வேலை செய்து விளக்கெரித்தார்.

நம் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்திலும் எண்ணெய் உபயத்திற்குக் குறைவில்லை. தோட்டங்களில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்த நன்றியை என்றும் மறவோம்.

ஆயினும், மற்ற இரு பணிகளுக்கு ஆள் குறைந்து வருகிறது. திரி கரிந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைப் புளியிட்டுத் தேய்க்க, வியாழன் மாலையில் வருவோர் வயது முதிர்ந்த தாய்மார்கள் சிலரே. சமய வகுப்பிலோ, தேவாரத்தை மனப்பாடமாகப் பாடும் பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரியவில்லை. விளக்கிச் சொல்வாரில்லாமல், சுடர் முன்னே நின்றும் அவர்கள் இருளில் இருக்கலாமா?

எனவே, எண்ணெய் உபயம் செய்யும் அன்பர்கள், மாதத்தில் ஒரு வியாழன் பிள்ளைகளோடு வந்து விளக்கு விளக்க வேண்டுகிறோம். கை வேலை செய்யட்டும். வாய் ஒரு பதிகத்தின் பொருளைச் சொல்லட்டும். அன்று அந்தச் சிறுமி சொன்ன விடையை நம் பிள்ளைகளும் அறிந்துகொள்வார்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.